முதல் மாடலுக்கு யார் பணம்? சேலத்துச் சிறு நிறுவனங்கள் எந்த கிராண்டை முதலில் கேட்பது

கம்பெனி பதிவுச் சான்றிதழை எடுத்து அதிலுள்ள தேதியை முதலில் பாருங்கள். எந்த கிராண்ட், அதாவது புது மெஷினின் முதல் மாடலைச் செய்து பார்க்க அரசு தரும் திருப்பிக் கட்ட வேண்டாத பணம், உங்களுக்குக் கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் அந்தத் தேதிதான் முடிவு செய்யும். ஆத்தூர்ப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு ஒரு புது உலர்த்தி செய்ய நினைப்பவர், ஏற்காட்டில் தண்ணீர் அதிகம் குடிக்காத காப்பி பல்ப்பர் (பழத்தோலை உரிக்கும் மெஷின்) செய்ய நினைப்பவர், சிவதாபுரத்தில் கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைக்க மெஷின் யோசிப்பவர் என எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எதுல சார் அதிகமா தர்றாங்க?" அந்தக் கேள்வியோடு தொடங்கினால் தவறான இடத்தில்தான் போய் நிற்போம். 15 லட்சத்தை முதலில் வாங்கியதால் 20 லட்சத்துக்கான கதவு மூடிக்கொள்வதும், கம்பெனியை அவசரப்பட்டுப் பதிவு செய்ததால் காலக்கெடு வீணாக ஓடிப்போவதும் இங்கே சாதாரணம். ஆகவே இந்த ஒப்பீட்டில் தொகையைவிட வரிசைக்கே இடம் அதிகம்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் "மானியம்" என்று கேட்டால் பி.எம்.இ.ஜி.பி., நீட்ஸ் போன்ற திட்டங்களைத்தான் சொல்வார்கள். அவை வங்கிக் கடனோடு ஒட்டி வருபவை. ஏற்கெனவே சந்தையில் ஓடும் இயந்திரத்தை வாங்கி, தெரிந்த பொருளை உற்பத்தி செய்ய உதவுபவை. இன்னும் உருவாகாத, வேலை செய்யுமா என்றே தெரியாத ஒன்றை முயன்று பார்க்க வங்கி கடன் தராது. அதற்குத்தான் கிராண்ட். முயற்சி நேர்மையாக நடந்து, கணக்கும் சரியாக இருந்து, கடைசியில் மெஷின் ஓடாமல் போனாலும் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கணக்கு சரியில்லை என்றால் கட்ட வேண்டிவரும்.

அமெரிக்காவில் 1982இல் வந்த ஒரே சட்டம், பெரிய அரசுத் துறைகள் தங்கள் வெளி ஆராய்ச்சி நிதியில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்க வேண்டும் என்றது. அந்தத் திட்டத்தின் பெயர் எஸ்.பி.ஐ.ஆர். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று படிகளும் தெளிவாக இருக்கும். நம் நாட்டில் உயிரித் தொழில்நுட்பத் துறை 2005இல் எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. என்று ஏறக்குறைய அதே பெயரில் ஒன்றைத் தொடங்கியது. மற்றபடி இங்கே துறைக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு விதி. எந்த ஜன்னலில் முதலில் நிற்பது என்று யோசிக்க வேண்டிய அவசியம் அதனால்தான் வருகிறது.

இன்னும் கம்பெனி இல்லையா? அவசரப்படாதீர்கள்

கையில் யோசனை, ஓரளவு வரைபடம், பட்டறையில் அரைகுறையாக ஒட்டவைத்த ஒரு மாடல். இந்த நிலையில் இருப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ். 2016இல் தொடங்கிய நிதி (NIDHI) என்ற திட்டத்தின் ஒரு கிளை. அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், 18 மாதம். தனிநபராகவே விண்ணப்பிக்கலாம். பணம் டில்லியிலிருந்து நேராக வராது. பிரயாஸ் மையமாக அங்கீகாரம் பெற்ற இன்குபேட்டர் (புதுத் தொழில் முயற்சிகளுக்கு இடமும் வழிகாட்டலும் தரும் மையம்) வழியாக வரும். சேலத்துக்காரர்களுக்குக் கைக்கு எட்டும் தூரம் கோயம்புத்தூர், அங்கே பி.எஸ்.ஜி. ஸ்டெப் இருக்கிறது. மூலப்பொருள், ஃபேப்ரிகேஷன் கூலி, வெளியாரிடம் டிசைன், டெஸ்டிங் என்று மாடல் செய்வதற்கான செலவுகள் இதில் அடங்கும். வெறும் ஆப் அல்லது சாஃப்ட்வேர் என்றால் இது உங்களுக்கான இடமில்லை. கையில் தொடக்கூடிய பொருள் இருக்க வேண்டும். மையத்திலேயே பிரயாஸ் ஷாலா என்ற பட்டறை இருக்கும். 3டி பிரின்டர், லேசர் கட்டர் எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் அதை நம்பி விண்ணப்பம் எழுதினால் வாரம் ஒரு முறை 160 கிலோமீட்டருக்கு மேல் பயணம். கனமான வெல்டிங், ஷீட் மெட்டல் வேலைகளைச் சேலத்திலேயே முடித்துக்கொள்வதாக எழுதுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

இரண்டாவது, மத்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சித் துறையின் (டி.எஸ்.ஐ.ஆர்.) பிரிசம். தனிநபர், ஸ்டார்ட்அப், எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனம்) மூவருக்கும் இடம் தரும் திட்டம் இது. முதல் கட்டத்தில் சிறிய யோசனைக்கு 2 லட்சம் வரை, பெரியதற்கு 20 லட்சம் வரை, வெற்றி பெற்றவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போக 50 லட்சம் வரை. மேலே ஏறப் படி இருப்பதுதான் இதன் பலம். இதற்கென உள்ள அவுட்ரீச் மையங்களின் வழியாகப் போனால் விண்ணப்பத்தை எழுதவே உதவி கிடைக்கும்.

மூன்றாவது, சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் இன்னோவேஷன் வவுச்சர். ஏ வவுச்சர் 2 லட்சம் வரை, பி வவுச்சர் 5 லட்சம் வரை. தொகை சின்னது என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு கல்லூரி அல்லது ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தையும் ஆலோசனையையும் பயன்படுத்திக்கொள்ள வந்த திட்டம் இது. வேலை செய்யுமா என்பதை எண்களோடு நிரூபிக்க அதுதான் முதலில் தேவை. ஜவ்வரிசி உலர்த்தியை எடுத்துக்கொண்டால், எந்த வெப்பத்தில் மணி வெடிக்கிறது, எத்தனை நிமிடத்தில் நிறம் மாறுகிறது என்ற அட்டவணை கையில் இருந்தால் அடுத்த கமிட்டியின் கேள்விகளில் பாதிக்குப் பதில் தயார். ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. ஏற்காட்டில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், நெசவு சார்ந்த யோசனைக்குச் சேலத்திலேயே 1960இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் உண்டு. இவற்றில் ஒன்றிலிருந்து "இந்தச் சோதனையை நாங்கள் செய்து தருகிறோம்" என்ற கடிதம் வாங்கிச் சேர்த்த விண்ணப்பத்துக்கும் வெறும் கையோடு போகும் விண்ணப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் கமிட்டி அறையில் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்றில் எது முதலில்? சோதனை எண்கள் இல்லாதவர் வவுச்சருக்குப் போகலாம். எண்கள் இருந்து மாடல் இல்லாதவருக்குப் பிரயாஸ். ஏற்கெனவே பட்டறை நடத்திக்கொண்டு, ஜி.எஸ்.டி. கட்டிக்கொண்டு, புதுக் கம்பெனி தொடங்கும் எண்ணமே இல்லாதவருக்குப் பிரிசம்.

வேலையை விட்டுவிட்டு இதில் முழுநேரமாக இறங்கியவருக்கு நிதி-இ.ஐ.ஆர். என்று இன்னொன்று இருக்கிறது. மாதம் 30,000 வரை, ஓராண்டு. மெஷினுக்குப் பணம் இதில் வராது, வீட்டுச் செலவுக்கு வரும். இதை ஏன் தனியாகச் சொல்கிறோம் என்பது அடுத்த பகுதியில் விளங்கும்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட கம்பெனி: ஓடும் கடிகாரம்

மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட் 2021 ஏப்ரல் 1 முதல், 945 கோடி ரூபாயில், நான்கு ஆண்டுகளுக்கென்று நடைமுறைக்கு வந்தது. கருத்தை நிரூபிக்க, மாடல் செய்ய, சோதித்துப் பார்க்க 20 லட்சம் வரை கிராண்ட். சந்தைக்குப் போக 50 லட்சம் வரை கடனாகவோ கன்வெர்ட்டிபிள் டிபென்ச்சராகவோ தருவார்கள். இந்த இரண்டாவது தொகையைக் கிராண்டோடு சேர்த்து "70 லட்சம் ஃப்ரீ" என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், 50 லட்சம் திருப்பித் தர வேண்டிய பணம், இல்லையென்றால் பங்காக மாறும் பணம்.

நிபந்தனைகள் மூன்றை மனதில் வைக்க வேண்டும். மத்திய தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையின் (டி.பி.ஐ.ஐ.டி.) ஸ்டார்ட்அப் அங்கீகாரம் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் கம்பெனி பதிவாகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வேறு எந்த மத்திய, மாநிலத் திட்டத்திலும் 10 லட்சத்துக்கு மேல் பண உதவி பெற்றிருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையில்தான் கால் இடறும்.

தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டி.என். தரும் டான்சீட் திட்டத்தில் பொதுவாக 10 லட்சம். பெண்கள் தலைமையிலான நிறுவனம், பசுமைத் தொழில்நுட்பம், ஊரகத் தாக்கம் உள்ள நிறுவனம் என்றால் 15 லட்சம். பதிலுக்குக் கம்பெனியில் 3 சதவீதப் பங்கு. சேகோ உலர்த்தியைப் பசுமைப் பிரிவிலோ ஊரகப் பிரிவிலோ காட்டி 15 லட்சம் வாங்கிவிட்டால் 10 லட்ச வரம்பு தாண்டிவிடும். அதற்குப் பிறகு சீட் ஃபண்டின் 20 லட்சம் உங்களுக்கு இல்லை. பொதுப் பிரிவில் 10 லட்சம் மட்டும் வாங்கினால் வரம்பு சரியாக அந்தக் கோட்டில் நிற்கும், ஆனால் அதற்கு முன்பே வவுச்சரில் 2 லட்சம் வாங்கியிருந்தால் 12 ஆகிவிடும். பிரயாஸில் 10 லட்சமும் முழுதாக வாங்கியவருக்கும் இதே கணக்குத்தான். தனிநபராக வாங்கியதைக் கம்பெனிக் கணக்கில் சேர்ப்பார்களா என்று வாதாடிப் பார்க்கலாம். சேரும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது பத்திரம்.

வரம்பில் சேராதவையும் விதியிலேயே சொல்லப்பட்டிருக்கின்றன: போட்டியில் வென்ற பரிசுப் பணம், நிறுவனருக்குத் தரும் மாதப்படி, மலிவு வாடகை இடம், ஆய்வுக்கூட வசதி. மேலே சொன்ன இ.ஐ.ஆர். தொகை இதனால்தான் மதிப்புள்ளது. வாங்கினாலும் அடுத்த கதவு மூடாது.

ஆக, கம்பெனி புதிதாக இருந்தால் வரிசை இப்படிப் போவது லாபம்: வவுச்சரும் மிதமான பிரயாஸ் தொகையும் சேர்ந்து 10 லட்சத்துக்குள். உதாரணமாக 2 லட்சமும் 7 லட்சமும். அதன்பின் இரண்டாண்டுக் கெடு முடிவதற்குள் சீட் ஃபண்ட். எல்லாம் முடிந்து விற்பனையைத் தொடும் நேரத்தில் டான்சீட். டான்சீட்டுக்கும் தனி நிபந்தனைகள் உண்டு, ஒவ்வொரு பதிப்பிலும் அறிவிக்கை மாறும், ஆகவே அந்தந்த முறை வெளியாகும் அறிவிக்கையைப் படித்துவிட்டே இந்த வரிசையை உறுதி செய்யுங்கள்.

சீட் ஃபண்டில் ஒரே நேரத்தில் மூன்று இன்குபேட்டர்களை விருப்ப வரிசைப்படி தேர்ந்தெடுக்கலாம். பெயர் பெற்ற இன்குபேட்டர் என்று ஐ.ஐ.டி.யை மூன்று இடத்திலும் போடுவது வழக்கமான தவறு. உணவு பதப்படுத்தும் மெஷினைப் பற்றி முடிவெடுக்கத் தெரிந்த ஒருவர் கமிட்டியில் இருக்கும் இடத்தையே முதலில் வையுங்கள். அந்த இன்குபேட்டரின் ஒதுக்கீட்டில் பணம் இன்னும் மிச்சம் இருக்கிறதா, ஜன்னல் திறந்திருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். முதலில் சொன்ன நான்கு ஆண்டுகள் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டன என்பதால் இந்த போனைத் தவிர்க்க முடியாது. இன்னொன்று: இந்தப் பணத்தில் கட்டடம், ஷெட் போன்ற வசதிகள் கட்டக் கூடாது. மூன்று-ஃபேஸ் கனெக்‌ஷன் இழுக்க, தளம் போட என்று பட்ஜெட்டில் ஒரு வரி எழுதினாலே அதை அடித்துவிடுவார்கள்.

டான்சீட்டின் 3 சதவீதம் அதிகமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லட்சத்துக்கு 3 சதவீதம் என்றால் உங்கள் கம்பெனியின் மதிப்பு சுமார் 3.33 கோடி என்று அரசு ஒத்துக்கொள்கிறது. 15 லட்சம் என்றால் 5 கோடி. மாடல் மட்டுமே கையில் உள்ள சேலம் கம்பெனிக்கு வெளியில் அந்த மதிப்பு போடும் ஆள் கிடைப்பது சுலபமில்லை. விலை நியாயம்தான். ஆனால் பங்கு வெளியீட்டுக்கு வேலைகள் இருக்கின்றன: வேல்யுவேஷன் அறிக்கை, போர்டு தீர்மானம், கம்பெனிப் பதிவாளருக்கான (ஆர்.ஓ.சி.) படிவங்கள், இவற்றுக்கெல்லாம் கம்பெனி செக்ரட்டரி கட்டணம். எல்.எல்.பி.யில் (வரம்புக்குட்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை) ஷேரே கிடையாது. பங்கு கேட்கும் திட்டம் ஒன்றை நோக்கிப் போவதாக இருந்தால் ஆரம்பத்திலேயே பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்வது பிற்பாடு மாற்றும் தலைவலியை மிச்சப்படுத்தும்.

இருபது வருடப் பட்டறை

சேலத்தில் உண்மையிலேயே புது மெஷின் செய்யத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். சேகோ ஆலைகளுக்குக் கிழங்கைத் துருவும் ராஸ்பர், சல்லடை, குருணை உருட்டும் மெஷின் செய்து கொடுப்பவர்கள், விசைத்தறிக்கு உதிரிபாகம் போடுபவர்கள். தனி உரிமையாளர் நிறுவனம், உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு), நல்ல பேர். ஸ்டார்ட்அப் திட்டங்கள் எதிலும் இவர்களுக்கு இடமில்லை. "மகன் பேரில் புதுக் கம்பெனி போட்டுடலாம்" என்ற யோசனை உடனே வரும். பழைய தொழிலைப் பிரித்தோ மாற்றியமைத்தோ உருவாக்கிய கம்பெனிக்கு ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடையாது என்று விதியே சொல்கிறது. அதே முகவரி, அதே மெஷின்கள், அதே வாடிக்கையாளர் என்றால் கேள்வி வரும். மகன் உண்மையிலேயே புதுப் பொருளை, தன் பங்குதாரர்களோடு, தனி இடத்தில் தொடங்கினால் அது வேறு. காகிதத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

அந்தப் பட்டறைக்குப் பொருத்தமானது எம்.எஸ்.எம்.இ. இன்னோவேட்டிவ் திட்டம். 2022 மார்ச் 10 அன்று தொடங்கியது. இதில் மூன்று கிளைகள். இன்குபேஷன் கிளையில் ஒரு யோசனைக்கு 15 லட்சம் வரை. பெரும்பாலும் ஐடியா ஹேக்கத்தான் என்று அறிவித்து யோசனைகளை வாங்குவார்கள். ஹோஸ்ட் இன்ஸ்டிட்யூட்டாக ஏற்கப்பட்ட கல்லூரி ஒன்றின் வழியாகப் பணம் நகரும். டிசைன் கிளையில் ஐ.ஐ.எஸ்.சி., ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் உங்கள் மெஷினை மறுவடிவமைப்புச் செய்து தரும். 40 லட்சம் வரையிலான திட்டத்தில் மைக்ரோ நிறுவனத்துக்கு 75 சதவீதம், சிறு, நடுத்தர நிறுவனத்துக்கு 60 சதவீதம் அரசு ஏற்கும். 2025 ஏப்ரல் 1 முதல் முதலீடு 2.5 கோடிக்குள், விற்றுவரவு 10 கோடிக்குள் இருந்தால் மைக்ரோதான். பெரும்பாலான பட்டறைகள் இதற்குள் வந்துவிடும். பழைய வரம்பை வைத்து உத்யமில் ஸ்மால் என்று இருந்தால் அதைச் சரிபாருங்கள், 15 சதவீத வித்தியாசம் சும்மா இல்லை.

மூன்றாவது கிளை பேட்டன்ட் செலவைத் திருப்பித் தருவது. இந்தியப் பேட்டன்டுக்கு 1 லட்சம் வரை, வெளிநாட்டுப் பேட்டன்டுக்கு 5 லட்சம் வரை. பேட்டன்ட் கிடைத்த பிறகு வரும் பணம் இது, முன்பணமாக நினைக்க வேண்டாம். சிறு நிறுவனமும் ஸ்டார்ட்அப்பும் ஆன்லைனில் விண்ணப்பம் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். முதலில் புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் கொடுக்கலாம். கண்காட்சியில் மெஷினை ஓட்டிக் காட்டிய பிறகு, யூடியூபில் வீடியோ போட்ட பிறகு பேட்டன்ட் கேட்டால் புதுமை போய்விட்டது என்பார்கள். கமிட்டிக்குப் படம் அனுப்பும் முன்பே அந்த 1,600 ரூபாய் வேலையை முடித்துவிடுவது நல்லது.

பொருளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவை

மேலே சொன்னவை எந்தத் துறைக்கும் பொதுவானவை. உங்கள் பொருள் எதைச் சேர்ந்தது என்பதை வைத்துச் சில பெரிய கதவுகள் திறக்கும்.

சேகோ ஆலையின் திப்பியையும் (மாவு எடுத்தபின் மிஞ்சும் கிழங்குச் சக்கை) கழிவுநீரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை நொதிக்க வைத்து வேறொரு பொருளாக மாற்றும் யோசனை உயிரித் தொழில்நுட்பம். அதற்கு உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழுள்ள பைராக் நிறுவனம் தரும் பிக் கிராண்ட்: 50 லட்சம் வரை, 18 மாதம். விண்ணப்ப அழைப்பு வழக்கமாக ஜனவரி 1, ஜூலை 1 என்று ஆண்டுக்கு இரண்டு முறை. தொகையைப் பார்த்து உலர்த்தி செய்பவரும் இங்கே வந்தால் வீண், ஏனென்றால் அது இயந்திரவியல். யோசனையின் மையத்தில் நுண்ணுயிர், நொதி, உயிர்வேதியியல் போல ஏதாவது இருக்க வேண்டும். சொந்த ஆய்வுக்கூடம் இல்லாதவர் ஆய்வுக்கூட வசதி உள்ள இன்குபேட்டரில் இடம் பிடித்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம். திப்பியில் ஈரம் மிக அதிகம். மேட்டில் பரப்பி வைத்தால் ஒரே நாளில் புளிப்பு ஏறிவிடும். கோவையிலோ பெங்களூரிலோ உள்ள ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி எடுத்துப் போகும் ஏற்பாட்டைத் திட்டத்தில் எழுதாமல் விட்டவர்கள் முதல் காலாண்டிலேயே தடுமாறுவார்கள். ஐஸ் பெட்டியும் டீசலும் சின்னச் செலவுதான், ஆனால் பட்ஜெட்டில் இல்லாவிட்டால் சொந்தப் பணம்.

ஏற்காட்டுக் காப்பி, மிளகு சார்ந்த கருவிகளுக்கு வேளாண் அமைச்சகத்தின் ஆர்.கே.வி.ஒய். (ராஷ்ட்ரீய கிருஷி விகாஸ் யோஜனா) வழி இருக்கிறது. முதலில் மாதம் 10,000 உதவித்தொகையோடு இரண்டு மாத அறிமுகப் பயிற்சி. ஐடியா நிலையில் 5 லட்சம் வரை, இதில் 10 சதவீதம் உங்கள் பங்கு. சீட் நிலையில் 25 லட்சம் வரை, 15 சதவீதம் உங்கள் பங்கு. ஸ்டார்ட்அப் சீட் ஃபண்டோடு ஒப்பிட்டால், இங்கே காப்பித் தோட்டம் என்றால் என்ன என்று விளக்கப் பத்து நிமிடம் செலவழிக்க வேண்டியதில்லை, விஞ்ஞானிகளே கேள்வி கேட்பார்கள். இரண்டாண்டுக் கெடுவும் நெருக்காது. ஆனால் உங்கள் பங்கைக் கையில் காட்ட வேண்டும். சின்னப் பல்ப்பர், மியூசிலேஜ் (கொட்டை மேலுள்ள வழவழப்பு) நீக்கி, தண்ணீரைச் சுற்றிவரச் செய்யும் அமைப்பு இவற்றுக்கு இதுவே முதல் தேர்வு. 10 ஏக்கர் தோட்டக்காரர் வாங்கும் விலையில் மெஷின் வருமா என்பதையும் இந்தக் கமிட்டிதான் சரியாகக் கேட்கும்.

சேலம், தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் ஒன்று. சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், திருச்சி மற்றவை. அதனால் பாதுகாப்பு அமைச்சகத்தின் புத்தாக்கத் திட்டமான ஐடெக்ஸ் பற்றிய பேச்சு ஃபேப்ரிகேஷன் வட்டாரத்தில் அடிக்கடி எழும். 2018இல் தொடங்கிய திட்டம். சாதாரணப் பிரிவில் 1.5 கோடி வரை. மற்ற எல்லாவற்றையும்விடத் தொகை பெரிது. இரண்டு விஷயங்களால் அது முதல் மாடலுக்கு ஏற்றதில்லை. படைகள் வெளியிடும் சவால் பட்டியலில் உள்ள பிரச்சினைக்கே பெரும்பாலும் தீர்வு தர வேண்டும். அடுத்து, கிராண்டுக்கு இணையான பங்கை நீங்களும் போட வேண்டும். 60 லட்சம் கேட்டால் 60 லட்சத்துக்கு வழி காட்ட வேண்டும். ஏற்கெனவே ஒரு மாடலை ஓட்டிக் காட்டிய, முதலீட்டாளர் பேச்சுவார்த்தையில் இருக்கும் நிறுவனத்துக்கு இது சரி.

1 லட்சம் கோடி ரூபாயில் 2025இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் பெற்ற ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதியைப் பற்றியும் கேட்கிறார்கள். அது குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடனும் முதலீடுமாக, நிதி மேலாளர்கள் வழியே போவது. தொழில்நுட்பத் தயார்நிலையில் 4ஆம் படியையோ (ஆய்வுக்கூடத்தில் வேலை செய்து காட்டிய நிலை) அதற்கு மேலோ எட்டியவர்களுக்கு. இந்தக் கட்டுரையின் வாசகருக்கு இப்போதைக்கு வேலையில்லை.

பணம் கிடைத்த பிறகு எங்கே சறுக்கும்

பணம் ஒரே தவணையில் வராது. ஒவ்வொரு தவணையும் ஒரு மைல்ஸ்டோனோடு (அந்தக் கட்டத்தில் எட்ட வேண்டிய இலக்கு) கட்டப்பட்டிருக்கும். அந்த மைல்ஸ்டோனை எழுதுவது நீங்கள்தான், பிறகு அதில் மாட்டிக்கொள்வதும் நீங்கள்தான். "உலர்த்தி சிறப்பாகச் செயல்படும்" என்று எழுதினால் முடிந்துவிட்டது என்று நிரூபிக்கவும் முடியாது, முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் முடியாது. "மணிக்கு 50 கிலோ பச்சை ஜவ்வரிசி, வெளிவரும் ஈரம் 12 சதவீதத்துக்குள், உடைந்த மணி 3 சதவீதத்துக்குள், தொடர்ந்து 6 மணி நேரம், மூன்று வெவ்வேறு நாள்" என்பது போல எழுதுங்கள். முதல் மைல்ஸ்டோனில் எண்களைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள். 50 கிலோ என்று எழுதி 42 வந்தால் அடுத்த தவணை நிற்கும். 30 என்று எழுதி 42 வந்தால் கைதட்டுவார்கள்.

வாங்குபவற்றுக்குப் பொதுவாக மூன்று கொட்டேஷன். சேலம் பட்டறைகளில் பழக்கம் வேறு: தெரிந்த கடையில் ஸ்டெயின்லெஸ் ஷீட் எடுத்து, மாதக் கடைசியில் சேர்த்துக் கொடுப்பது. கிராண்ட் பணத்தில் அது செல்லாது. பில் தேதி அனுமதிக் கடிதத்தின் தேதிக்குப் பிறகு இருக்க வேண்டும். முன்கூட்டியே வாங்கிவைத்த மோட்டாரை இதில் எழுத முடியாது. ஒரே பில்லை இரண்டு திட்டத்தில் காட்டினால் இரண்டும் போகும்.

கிராண்டுக்கென்று தனி வங்கிக் கணக்கு. அதில் வரும் வட்டி உங்களுடையது இல்லை, மத்திய அரசின் பொது நிதி விதிப்படி திருப்பிச் செலுத்த வேண்டும். "சும்மா கிடக்கிறதே" என்று எஃப்.டி.யில் போட்டு வட்டியைச் செலவழித்தவர்களுக்குக் கடைசித் தவணை வரும்போது அந்த வட்டியும் கணக்கில் நிற்கும். ஆண்டு முடிந்ததும் ஆடிட்டர் கையெழுத்தோடு பயன்பாட்டுச் சான்றிதழ். மத்திய நிதிக்கு அதன் படிவம் ஜி.எஃப்.ஆர். 12-ஏ. வழக்கமாக ரிட்டர்ன் மட்டும் போடும் ஆடிட்டருக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம். முன்பே கேட்டுவிடுங்கள்.

வரி விஷயமும் பலருக்குத் திகைப்பாக வருவது. 2015 நிதிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அரசு கிராண்டும் வருமானமாகவே கணக்கிடப்படுகிறது. சொத்து வாங்கிய விலையில் கழித்துக் காட்டும் பகுதிக்கு மட்டும் விலக்கு. 20 லட்சத்தை மார்ச்சில் வாங்கி, செலவை ஏப்ரலுக்குப் பிறகு செய்தால் அந்த ஆண்டு லாபம் காகிதத்தில் பெருத்து நிற்கும். தவணை எப்போது வரும் என்பதில் உங்களுக்கு ஓரளவு பேச்சுரிமை இருந்தால், ஆண்டின் நடுவில் கேளுங்கள்.

பருவத்தை மறந்தவர்களின் திட்டம்தான் அதிகம் தள்ளிப்போகிறது. சேர்வராயன் மலையில் அரபிகா பழம் பறிப்பது சுமார் நவம்பரில் தொடங்கி ஜனவரியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பல்ப்பரைச் சோதிக்கப் புதுப் பழம் வேண்டும், குளிர்பதனப் பெட்டியில் வைத்த பழம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பிப்ரவரியில் முதல் தவணை கிடைத்தவருக்கு உண்மையான சோதனை அடுத்த நவம்பரில்தான். 18 மாதத் திட்டத்தில் ஒன்பது மாதம் காத்திருப்பிலேயே போகும். ஆகவே நவம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: மெஷின் செய்ய மூன்று மாதம், கொட்டேஷனும் ஆர்டரும் ஒன்றரை மாதம், ஒப்பந்தமும் முதல் தவணையும் வர இரண்டு மாதம், கமிட்டி கூட மூன்று மாதம். விண்ணப்பம் ஜனவரி நடுவில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதாவது இந்த ஆண்டு பறிப்பு நடக்கும்போதே, பழைய பல்ப்பரில் ஒரு கிலோ பழத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் போகிறது என்று வாளியும் தராசும் வைத்து அளந்து எழுதிவைத்தால், விண்ணப்பத்துக்கு வேண்டிய முதல் அட்டவணையும் கையில் இருக்கும்.